புருஷாமிருகத்தை வரையுங்கள், மக்களே
குமரி மாவட்டத்தில் படக்கதையும் அனிமேஷனும் செய்யும் இளையோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மக்களே,

நரிவால் வைத்த பையனையும், பூனைக்காது முளைத்த பெண்ணையும், காட்டுப்பன்றித் தலையை மாட்டிக்கொண்டு இரட்டை வாளோடு பாய்கிற வீரனையும் ராத்திரி பகல் பார்க்காமல் வரைந்துகொண்டிருக்கிறீர்களே, உங்களுக்குத்தான் இந்தக் கடிதம். நீங்கள் குலசேகரத்தில் இருக்கலாம், மார்த்தாண்டத்தில் இருக்கலாம், தக்கலையிலோ நாகர்கோவிலிலோ இருக்கலாம். கல்லூரியில் அனிமேஷன் படிக்கலாம், அல்லது கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பேனாவால் கிறுக்கிக்கொண்டிருக்கலாம். நான் பல காலம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தவன், திற்பரப்புக்காரன். உங்களிடம் ஒன்று கேட்க வந்திருக்கிறேன். அதைக் கேட்கும் முன் சில விஷயங்களை மனம்விட்டுப் பேச வேண்டும்.

முதலில் உங்கள் பக்கம் நின்று பேசுகிறேன். இந்தப் படங்களுக்காக நீங்கள் வீட்டில் ஏச்சு வாங்குவது எனக்குத் தெரியும். "என்னத்துக்குடே இப்படிப் பேயும் பிசாசுமா வரைஞ்சு தள்ளுத? ஒழுங்கா ஒரு மனுசனை வரையப்பிடாதா?" என்று கேட்கிறார்கள். கேட்கிற அதே வீட்டில் யானைமுகத்துப் பிள்ளையார் இருக்கிறார். அதே அப்பா சனிக்கிழமை சுசீந்திரம் போய், 18 அடி உயரத்தில் கைகூப்பி நிற்கிற ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்திவிட்டு வருகிறார். சர்ச்சுக்குப் போகிற வீடென்றால் சுவரில் பறவைச் சிறகோடு சம்மனசு நிற்கிறது. சுவிசேஷம் எழுதியவர்களில் மாற்குக்குச் சிங்கம், லூக்காவுக்குக் காளை, யோவானுக்குக் கழுகு என்று ஓவியர்கள் எத்தனையோ நூற்றாண்டுகளாக வரைந்து வருகிறார்கள். மனித உடலில் மிருகத்தைச் சேர்த்துப் பார்ப்பது நேற்று ஜப்பானிலிருந்து வந்த பழக்கம் அல்ல. பிள்ளைகளை ஏசுகிற பெரியவர்கள் இதை ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்க வேண்டும் என்று இந்த மடல் வழியாகவே கேட்டுக்கொள்கிறேன்.

இந்த உருவங்கள் ஏன் பிடிக்கிறது என்று உங்களைக் கேட்டால் "சும்மா, கெத்தா இருக்கு" என்கிறீர்கள். அதற்குக் கீழே வேறு ஏதோ இருக்கிறது என்று நான் நம்புகிறேன். பதிமூன்று பதினான்கு வயதில் ஒரு பிள்ளைக்குத் தன் உடம்பே அந்நியமாகிறது. குரல் உடைகிறது, மீசை அரும்புகிறது, கோபம் எங்கிருந்தோ வந்து மேலே ஏறுகிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது. வீட்டிலும் பள்ளியிலும் அதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. அந்த நேரத்தில் பாதி மனிதனும் பாதி மிருகமுமாக ஒருவன் திரையில் வந்து நின்றால், தனக்குள் நடப்பதை வெளியே பார்த்த ஆறுதல் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கிறது. நருட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த குழந்தையின் உடலுக்குள் ஒன்பது வால் நரியை அடைத்துவிட்டார்கள். அது அவன் செய்த குற்றமல்ல. ஆனாலும் ஊரார் அவனைப் பார்த்து ஒதுங்கிப் போகிறார்கள். ஒதுக்கப்பட்ட அனுபவம் உள்ள எந்தப் பிள்ளைக்கும் அந்தக் கதை எங்கே போய்த் தைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1962இல் அமெரிக்கக் காமிக்ஸில் வந்த ஸ்பைடர்மேனும் அப்படித்தான். கூட்டத்தில் சேர முடியாத, கண்ணாடி போட்ட ஒரு பள்ளிப் பையனைத்தான் சிலந்தி கடித்தது.

இன்னொன்றும் உண்டு. மனிதன் முகத்தை வைத்துப் பொய் சொல்லப் பழகிவிட்டான். வாலால் பொய் சொல்ல முடியாது. காது பின்னால் படுத்தால் பயம், ரோமம் சிலிர்த்தால் கோபம். நீங்கள் வரைகிற நரிவால் பையன் "எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லும்போதே அவன் வால் தரையில் தொங்கி உண்மையைச் சொல்லிவிடுகிறது. வாய் மறைத்ததை உடம்பு சொல்கிற இந்த நேர்மைக்காகவே இந்த உருவங்களை நான் மதிக்கிறேன். ஆகவே இதெல்லாம் வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

என் மனக்குறை வேறு.

நீங்கள் வரைவதில் பெரும்பாலும் மிருகம் ஒரு நகையாக நின்றுவிடுகிறது. பூனைக்காதைத் தலையில் ஒட்டிவிடுகிறீர்கள், அந்தக் காது எதையும் கேட்பதில்லை. மனிதக் காதும் பக்கத்திலேயே முடிக்குள் இருக்கிறது. நரிவால் முதுகெலும்பின் தொடர்ச்சியாக வராமல் கால்சட்டைமேல் குத்தி வைத்ததுபோல் தொங்குகிறது. அவன் ஓடும்போது அந்த வால் எந்தப் பக்கம் சாய்ந்து உடம்பை நிறுத்துகிறது என்று நீங்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. சிதம்பரத்துப் புலிக்கால் முனிவர் கதையைப் பாருங்கள். வண்டு தொடுவதற்கு முன் பூப்பறித்து இறைவனுக்குச் சாத்த வேண்டும் என்பது அவர் ஆசை. விடியலின் இருட்டில், பனியில் நனைந்த மரத்தில் மனிதக் கால் வழுக்குகிறது. அதற்காகப் புலியின் காலும் நகமும் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த நகம் பட்டையில் பதிகிற சத்தம்கூட எனக்குக் கேட்கிறது. ஒரு மனிதன் ஏன் மிருகத்தின் உறுப்பை விரும்பிக் கேட்டான், அது கிடைத்ததும் என்ன செய்தான் என்ற இரண்டு கேள்விக்கும் அந்தக் கதையில் பதில் இருக்கிறது. உங்கள் பூனைக்காதுப் பெண்ணிடம் இந்த இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.

நகையாக இல்லாத இடத்தில் மிருகம் வில்லனாகிவிடுகிறது. இது உங்கள் குற்றம் மட்டுமல்ல, சினிமாவும் தொலைக்காட்சியும் உங்களுக்கு முன்பே பழக்கிவிட்டவை. 1979இல் வந்த 'நீயா?' படத்தில் ஸ்ரீபிரியா பாம்பாக மாறி, தன் துணையைக் கொன்றவர்களைத் தேடி வந்தார். பிறகு இந்தியிலிருந்து தமிழுக்கு வந்த 'நாகினி' தொடரை வீடு வீடாக உட்கார்ந்து பார்த்தோம். துணையை இழந்தவளின் துக்கம் நியாயமானதுதானே? ஆனால் நாக்கு பிளந்து நீள்வதும் கண் மஞ்சளாக மாறுவதும்தான் நம் நினைவில் தங்கின. மிருகத்தனம் என்றால் கொடுமை, மனிதத்தனம் என்றால் நன்மை என்ற கணக்கு நமக்குள் அப்படியே இறங்கிவிட்டது. நாகராஜா கோயிலைச் சுற்றி வளர்ந்த நகரத்துக்குப் பக்கத்தில் வாழ்கிற நாம் இந்தக் கணக்கை எப்படி ஒப்புக்கொண்டோம்?

மிருகத்தை நாம் தூரத்திலிருந்து பார்ப்பவர்களும் அல்ல. 2023இல் சிற்றாறு, பத்துகாணிப் பக்கம் புலி வந்து ஆடுமாடுகளை அடித்தபோது, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியும் முன் ரப்பர் தோட்டத்துக்குப் பால்வெட்டப் போகிறவர்கள் எப்படித் தவித்தார்கள் என்பது உங்களில் பலருக்கு வீட்டுக் கதை. புலி அழகென்று அவர்களிடம் சொல்ல முடியாது. ஆனால் புலியைக் கெட்டவன் என்றும் அவர்கள் சொல்லவில்லை. அதற்குப் பசி, அது வந்தது, எங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது, அதைப் பிடித்துக் காட்டில் கொண்டுபோய் விடுங்கள் என்றுதான் கேட்டார்கள். பயமும் மரியாதையும் ஒரே மூச்சில் வருகிற அந்தப் பேச்சை நீங்கள் கேட்டு வளர்ந்திருக்கிறீர்கள். டோக்கியோவில் உட்கார்ந்து வரைகிற ஒருவருக்குக் கிடைக்காத செல்வம் அது.

இப்போது கேட்க வந்ததற்கு வருகிறேன். நம் மாவட்டத்திலேயே ஒரு பாதி மனிதன் பாதி மிருகம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு மாசி மாதமும் ஆயிரக்கணக்கானவர்கள் அதன் பெயரைச் சொல்லாமலே அதற்கு முன்னால் ஓடுகிறார்கள். புருஷாமிருகம். அதை உங்களில் யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை.

சிவராத்திரிக்கு முந்தைய நாள் முஞ்சிறை திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு என்று ஓடி, திருநட்டாலத்தில் முடிகிற சிவாலய ஓட்டம் உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு கோயில், ஏறக்குறைய 110 கிலோமீட்டர். கையில் பனையோலை விசிறி, இடுப்பில் திருநீற்றுப் பை, வாயில் "கோவிந்தா, கோபாலா". சிவன் கோயிலுக்கு ஓடுகிறவர்கள் ஏன் விஷ்ணுவின் பெயரைக் கூவுகிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அதற்குப் பதில் புருஷாமிருகத்தின் கதையில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் சொல்லும் கதையைச் சொல்கிறேன். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்.

தருமர் யாகம் செய்ய நினைக்கிறார். அதற்குப் புருஷாமிருகத்தின் பால் வேண்டும். கொண்டுவரப் பீமனை அனுப்புகிறார் கிருஷ்ணர். மனிதத் தலையும் மிருக உடலும் கொண்ட அது, சிவனைத் தவிர வேறு பெயரைக் காதால் கேட்கப் பொறுக்காத பக்தன். திருமலையில் தவத்தில் இருக்கிறது. கிருஷ்ணர் பீமனிடம் பன்னிரண்டு உருத்திராட்சங்களைக் கொடுத்து, ஆபத்து வரும்போது ஒன்றைக் கீழே போடு என்று சொல்லி அனுப்புகிறார். பீமன் போய் அதைச் சுற்றிச் சுற்றி "கோவிந்தா, கோபாலா" என்று கத்துகிறான். தவம் கலைந்து அது துரத்துகிறது. பிடிபடும் தருணத்தில் பீமன் ஒரு உருத்திராட்சத்தைப் போடுகிறான். விழுந்த இடத்தில் அது சிவலிங்கமாகிறது. துரத்தி வந்த கால் அங்கேயே நிற்கிறது. கோபம் எத்தனை இருந்தாலும் லிங்கத்தைக் கண்ட பிறகு பூசை செய்யாமல் அதனால் நகர முடியாது. நீராடி, பூசை முடித்து, மீண்டும் துரத்துகிறது. மூன்றாவது உருத்திராட்சம் விழுந்த இடம் நம் திற்பரப்பு.

இந்தக் காட்சியை ஒரு ஓவியனாக யோசித்துப் பாருங்கள். பாய்ந்து வருகிற ஒரு மிருக உடல், மூச்சிரைப்பு, மண்ணைக் கிழித்த நகம், பிடரி மயிரில் வியர்வை. அதன்மேல் ஒரு மனித முகம், அந்த முகத்தில் கோபம் கரைந்து பக்தி வருகிற அந்த ஒரு கணம். கால்கள் இன்னும் ஓடத் துடிக்கின்றன, கண் லிங்கத்தை விட்டு அசையவில்லை. உலகத்தில் எந்தக் காமிக்ஸ் ஓவியனுக்கும் இதைவிட நல்ல சட்டகம் கிடைக்குமா? நாம் நினைத்துக்கொண்டிருக்கிற கணக்கும் இங்கே தலைகீழாகிறது. பக்தியும் ஒழுக்கமும் மிருகத்திடம் இருக்கின்றன. ஏமாற்றுகிறவன், ஓடுகிறவன், பயப்படுகிறவன் மனிதன்.

முடிவு இன்னும் பெரியது. பன்னிரண்டாவது உருத்திராட்சமும் போன பிறகு, பீமன் தன் எல்லைக்குள் ஒரு காலை வைத்துவிட்டான், மறுகால் புருஷாமிருகத்தின் எல்லையில் இருக்கிறது. அந்தக் காலை அது பிடித்துக்கொண்டது. வழக்கு தருமரிடம் போகிறது. தம்பியாயிற்றே என்று பார்க்காமல் அவர் தீர்ப்புச் சொல்கிறார்: பீமனின் பாதி உடல் மிருகத்துக்கு உரியது. நீங்கள் இரவெல்லாம் விழித்து வரைகிற அத்தனை பாதி மிருகக் கதைகளும் இந்த ஒரு தீர்ப்பில் அடங்கிவிடுகின்றன என்பேன். மகா பலசாலி, ராஜகுமாரன், அவனுடைய உடலிலும் பாதி மிருகத்துக்குச் சொந்தம். சொன்னது தருமம். அந்த நேர்மையைக் கண்டு புருஷாமிருகம் சாந்தமடைகிறது. அரியும் சிவனும் ஒன்றென்று சங்கரநாராயணராகக் காட்சி தந்த இடம் திருநட்டாலம். இரண்டு பாதி சேர்ந்த மிருகத்திடம் தொடங்கிய கதை, இரண்டு பாதி சேர்ந்த தெய்வத்திடம் வந்து சேர்கிறது. இதை எழுதியவர் யாரென்று நமக்குத் தெரியாது. ஆனால் கதை கட்டத் தெரிந்தவர்.

திற்பரப்பில் இருக்கிறவனாக இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். இங்கே மகாதேவர் வீரபத்திரர் உருவில் உக்கிரமாக இருக்கிறார். தட்சன் யாகத்தை அழித்த பிறகு வந்து அமர்ந்தார் என்பது தலக்கதை. அந்தத் தட்சனுக்கு என்ன ஆயிற்று? அகந்தை பிடித்த மனிதத் தலை போய், ஆட்டுத்தலை வந்தது. ஆட்டுத்தலை வந்த பிறகுதான் அவனுக்குப் பணிவும் வந்தது. ஒரே ஊரில் இப்படி இரண்டு கதைகள். கோதையாறு பாறைப்படுகையில் பரந்து வந்து சுமார் 50 அடி விழுகிற அருவியில் குளித்துவிட்டு, செல்பி எடுத்துவிட்டு, ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு பேருந்து ஏறிவிடுகிறீர்கள். கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு தரம் பென்சிலோடு வந்து உட்காருங்கள்.

போன வருஷங்களில் சிவராத்திரி அன்று வாட்ஸாப்பில் வாழ்த்துப் படங்கள் வந்தன. புருஷாமிருகம் என்று எழுதி, கீழே குதிரை உடம்பும் மேலே மல்யுத்த வீரன் மார்பும் வைத்த ஒரு உருவம். கிரேக்கக் கதையில் வரும் குதிரைமனிதன் அது. கம்ப்யூட்டரிடம் கேட்டால் அது கொடுப்பதைத்தான் கொடுக்கும். அதற்குத் தெரிந்த பாதி மிருகம் அதுதான். நம் பிள்ளைகள் அதைப் பார்த்து, இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அதைவிட வேதனையான ஒன்றும் உண்டு. ஓட்டத்தின்போது சுக்குக்காப்பி வாங்க நின்ற ஒரு சிறுவனிடம், "பீமனைத் துரத்துனது யாரு மக்கா?" என்று கேட்டேன். "ஏதோ ஒரு பூதம்" என்றான். காப்பி ஊற்றிக்கொண்டிருந்த பாட்டி சட்டென்று கரண்டியை நிறுத்தினாள். "பூதமில்லடே. சாமி கும்பிடுத மிருகம். அதுக்க பூசையக் கெடுத்தா அது சும்மா விடுமா?" என்றாள். பையன் காப்பியைக் குடித்துவிட்டு ஓடிவிட்டான். ஓட்டம் தொடரும், சந்தேகமில்லை. பைக்கிலும் வேனிலும் போகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் கூடுகிறார்கள். ஆனால் துரத்துகிறவர் யாரென்று தெரியாமல் ஓடினால் அது வெறும் நடைப்பயிற்சி ஆகிவிடும். பாட்டிக்குத் தெரிந்தது அந்தப் பையனுக்குப் போய்ச் சேர நடுவில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நீங்கள்தான்.

யாராவது தடை சொல்வார்கள். இதையெல்லாம் யார் பார்ப்பார்கள் என்பார்கள். 2025இல் நரசிம்மரைக் கதாநாயகனாக வைத்து வந்த 'மகாவதார் நரசிம்மா' என்ற அனிமேஷன் படத்துக்குக் கூட்டம் கூட்டமாகப் போனார்களே, அதில் தலை சிங்கம், உடல் மனிதன். அதே வருஷம் காட்டுப்பன்றித் தலை இனோசுகே வருகிற 'டீமன் ஸ்லேயர்' படத்தைத் தமிழ்க்குரலிலேயே பார்த்தீர்கள். 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது, இரும்புக்கை வைத்த ஒரு வெள்ளைக்கார மாயாவியைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டார்கள். பார்க்க ஆள் இல்லை என்ற பேச்சை நான் நம்பவில்லை.

சாமி விஷயம், தொட்டால் பிரச்சினை என்றும் சொல்வார்கள். அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். மரியாதை வேண்டும். ஆனால் நம் ஊர்க் கலைஞர்கள் சாமிக்கதையைத் தொடாமல் இருந்ததே இல்லை. நம் மாவட்டத்துத் தோல்பாவைக்கூத்தில் ராமாயணத்துக்கு நடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து ஊர்நியாயம் பேசுகிறார்கள். விளக்கு வெளிச்சத்தில் அனுமன் பாவையின் வாலை அசைக்கிற கை எப்படி அசைக்கிறது என்று ஒருமுறை திரைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். மிருக உறுப்புக்கு உயிர் கொடுப்பது எப்படியென்று அதைவிட நல்ல பாடம் இல்லை. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் திருவிழாவில் கதகளி ஆடும்போது, வெள்ளைத்தாடி வேஷத்தில் வருகிற அனுமனையும் பாருங்கள். மனிதன் ஒருவன் கண்ணையும் கன்னத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு எப்படிக் குரங்காகிறான், குரங்கான பின்னும் எப்படி மகானாகவே இருக்கிறான் என்பது தெரியும். இவர்கள் எல்லாரும் உங்கள் முன்னோர்கள். நீங்கள் அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள்.

உங்களில் வேறு மதத்துப் பிள்ளைகளும் இருக்கிறீர்கள். உங்களுக்கும் இந்த வேண்டுகோள் உண்டு. ஆறும் மலையும் ரப்பர்த் தோட்டமும் எல்லாருக்கும் பொது, அவற்றின் வழியே ஓடிய கதையும் அப்படித்தான். வணங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உண்மையாக வரைய வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

எப்படி வரைவது என்பதில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு, சொல்லிவிடுகிறேன். முன்மாதிரி வேண்டுமென்றால் தேட இடம் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சிவன் கோயில்கள் பலவற்றில் புருஷாமிருக வாகனம் இருக்கிறது. பெரிய கோயில்களில் ஆராதனை நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும் தீபங்களில் புருஷாமிருக தீபமும் உண்டு. போய்ப் பாருங்கள், ஆனால் அதை அப்படியே பெயர்த்து வைக்காதீர்கள். அந்தச் சிற்பி நிற்கிற மிருகத்தைச் செய்தான், உங்களுக்கு ஓடுகிற மிருகம் வேண்டும். நான்கு காலில் ஓடுகிற உடலுக்கு மேலே ஒரு மனிதக் கழுத்து இருந்தால் மூச்சு எங்கே வாங்கும், பாறையில் இறங்கும்போது எடை எங்கே விழும், பூசைக்கு நிற்கும்போது முன்னங்கால் கையாகிறதா, காலாகவே இருக்கிறதா என்று யோசியுங்கள். சண்டைக்காகப் பல்லை நீட்டாதீர்கள். நல்லவனாகக் காட்டுவதற்காக அதைப் பூனைக்குட்டி ஆக்கவும் வேண்டாம். அதன் கோபம் கோபமாகவே இருக்கட்டும். பால் கொடுக்கும் உயிர் என்றும் கதை சொல்கிறது. புருஷன் என்ற பெயரோடு பாலும் சுரக்கிற அந்த உடலை எப்படிக் கற்பனை செய்வது என்பதை உங்களிடமே விடுகிறேன். பின்னணியில் எந்தக் காடோ வேண்டாம். கோதையாற்றின் வழவழப்பான பாறை, ஓட்டுக்கூரைக் கோயில், ஈர வேட்டியோடு குளத்திலிருந்து ஏறுகிறவர்கள், தார்ச்சாலைச் சூட்டில் கொப்புளித்த உள்ளங்கால், இதையெல்லாம் கண்ணால் பார்த்து வரையுங்கள். அதற்கு ஒரே வழி, ஒரு தரம் ஓடிப் பார்ப்பது. முழுதும் முடியாவிட்டால் திக்குறிச்சியிலிருந்து திற்பரப்பு வரையாவது வாருங்கள். துரத்தப்படுகிறவனின் மூச்சு எப்படி இருக்கும் என்று உங்கள் நெஞ்சே சொல்லிக்கொடுக்கும்.

நான் கேட்பது இதுதான். பன்னிரண்டு கோயில், பன்னிரண்டு சிறு படக்கதை நோட்டுகள். ஒரு நோட்டுக்குப் பதினாறு பக்கம் போதும். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிப்பாகத்துக்காரர் பன்னிப்பாகத்தை வரையட்டும், கல்குளத்துக்காரர் கல்குளத்தை வரையட்டும். ஒருவர் முடித்த இடத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். மிருகத்தின் உருவம் கைக்குக் கை மாறினால் மாறட்டும். சொல்கிறவருக்குத் தக்க மாறுகிற கதைதானே அது. கோயில் பக்கத்துப் பெரியவர்களிடம் முதலில் போய் உட்கார்ந்து, அவர்கள் வாயால் கதையைக் கேளுங்கள். அவர்கள் சொல்கிற வார்த்தையையே வசனமாக வையுங்கள், புத்தகத் தமிழாக்கி அதை உலர்த்திவிடாதீர்கள். அனிமேஷன் தெரிந்தவர்கள் ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் ஓடுகிற துண்டாகச் செய்யுங்கள். அச்சுச் செலவுக்கு என்னைப் போன்றவர்களிடம் கேளுங்கள், சுக்குக்காப்பிக்கும் கஞ்சிக்கும் செலவழிக்கிற ஊர் இதற்கும் கை கொடுக்கும். அடுத்த சிவராத்திரிக்கு அந்தந்தக் கோயில் வாசலில், விசிறியோடு வருகிற பிள்ளைகள் கையில் அந்தந்த நோட்டைக் கொடுப்போம். ஓடி முடிக்கிற பிள்ளையிடம் பன்னிரண்டும் சேர்ந்திருக்கும்.

திற்பரப்பு நோட்டை வரையப்போகிறவருக்கு என் வீட்டுத் திண்ணையும் பழைய டிராயிங் போர்டும் தயாராக இருக்கின்றன. ஐப்பசி மழை குறைந்ததும் வாருங்கள். முஞ்சிறை நோட்டை யார் எடுப்பது என்பதை மட்டும் உடனே பேசி முடிவு செய்யுங்கள், ஏனென்றால் மற்ற பதினொன்றும் அதற்குப் பிறகுதான் தொடங்க முடியும்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன் ஒருவன்
திற்பரப்பு